கான்கிரீட் குழாயைக் கழுவுவது யார்? ஒரு சின்ன வரலாறு



களமருதூர், திருநாவலூர், உளுந்தூர்பேட்டை என்று எங்கள் பக்கத்தில் இப்போது மாடி வீட்டுக்குத் தளம் போடுகிறவர்கள் பலரும் பம்ப் வைத்துத்தான் போடுகிறார்கள். காலையில் வண்டி வருகிறது, மதியத்துக்குள் தளம் முடிகிறது. வீட்டுக்காரர் ஒரு க்யூபிக் என்ன விலை, எத்தனை லாரி, பம்ப் வாடகை எவ்வளவு என்று எல்லாம் விசாரித்து வைத்திருப்பார். ஆனால் வேலை முடிந்ததும் குழாயை எங்கே கழுவுவீர்கள், யார் கழுவுவார்கள், அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

கட்டிடக் கலையின் வரலாறு என்றால் கோபுரம், அணை, உயரம் என்றுதான் எழுதுவார்கள். சட்டியைக் கழுவியவர்களின் வரலாற்றை யாரும் எழுதுவதில்லை. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வீடு கட்டப் போகிறவர்கள் கட்டாயம் கடைசி வரை படியுங்கள்.

சுண்ணாம்பு காத்திருக்கும்

முதலில் சுண்ணாம்புக் காலத்துக்குப் போவோம். பழைய தென்னாற்காடு மாவட்டத்து மெத்தை வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மர உத்திரம், அதன் மேல் குறுக்குக் கட்டைகள், அவற்றின் மேல் சின்னச் செங்கல்லை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டுவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டிக் கட்டையால் அடித்து இறுக்குவார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் அடித்த தளம் அது. வெள்ளைக்காரர்கள் அதற்கு ‘மெட்ராஸ் டெரஸ்’ என்றே பெயர் வைத்தார்கள்.

சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சித்தான். தண்ணீருக்கு அடியில் மூடி வைத்தால் சுண்ணாம்புக் களி மாதக் கணக்கில் அப்படியே இருக்கும். செங்கல் தூளான சுர்க்கி சேர்த்தால் கொஞ்சம் சீக்கிரம் இறுகும். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவையில் கட்டியதுதான். அதுவும்கூட சிமென்ட் மாதிரி ஓட்டம் பிடிக்காது.

ஆகவே அந்தக் காலத்துக் கொத்தனாருக்குச் சாயங்காலம் அவசரம் இல்லை. கரண்டியைத் துடைத்து வைத்தால் போதும். சட்டியில் ஒட்டிய சாந்தை மறுநாள் தண்ணீர் ஊற்றிக் குழைத்துக் கொள்ளலாம். கழுவுவது என்பது தனி வேலையாகவே இல்லை.

சிமென்ட் காத்திருக்காது

1824இல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் ‘போர்ட்லாண்ட் சிமென்ட்’ என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். 1904இல் சென்னையிலேயே சிமென்ட் தயாரிக்கும் முயற்சி நடந்தது. 1934இல் கோவை மதுக்கரை, 1939இல் டால்மியாபுரம், 1949இல் நெல்லை தாழையூத்து, 1979இல் அரியலூர் அரசு ஆலை என்று தமிழ்நாட்டில் ஆலைகள் வந்தன.

சிமென்டின் குணமே வேறு. அது காற்றால் இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. தண்ணீருக்கு அடியில் போட்டாலும் இறுகும். சாதாரண சிமென்ட் 30 நிமிடத்துக்கு முன்னால் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதாவது தண்ணீர் ஊற்றிய நிமிடத்திலிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. சித்திரை வெயிலில் அந்தக் கடிகாரம் இன்னும் வேகமாக ஓடும்.

கழுவுவது அவசர வேலையாக மாறியது இந்த இடத்தில்தான். சாயங்காலம் கழுவாத சட்டி மறுநாள் கல்லாகிவிடும். கழுவாத கலவை மிஷின் ஒரு மாதத்தில் வயிறு அடைத்துப் போகும்.

இன்னொன்றையும் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் சிமென்ட் கேட்டவுடன் கிடைக்காது. விலையும் விநியோகமும் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தன. பர்மிட் வாங்கக் காத்திருந்து நடந்தவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். 1982இல்தான் கட்டுப்பாடு பாதி நீங்கியது, 1989இல் முழுவதும் நீங்கியது. மூட்டைக்கு அலைந்த காலத்தில் ஒரு சட்டிக் கலவையைக்கூட யாரும் தெருவில் கொட்டமாட்டார்கள். மிஷினைக் கழுவிய தண்ணீரை அஸ்திவாரப் பள்ளத்தில் ஊற்றுவார்கள். மிச்சக் கலவையில் துணி துவைக்கிற கல்லாவது ஒன்று வார்த்துவிடுவார்கள்.

மனிதர்களே குழாயாக இருந்த காலம்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தளம் போடும் நாள் என்றால் தெருவே திருவிழா மாதிரி இருக்கும். கலவை மிஷின் சத்தம், சாரத்தில் படிப்படியாக நிற்கும் ஆட்கள், கீழேயிருந்து மேலே கைமாறிப் போகும் சட்டி, காலியாகிக் கீழே விழும் சட்டி. அந்த வரிசையில் பாதிக்கு மேல் பெண்கள். சித்தாள் என்று சொல்வோம். ஒரு சட்டிக் கான்கிரீட் 20 கிலோவுக்குக் குறையாது. அதைத் தலையில் வைத்து மூங்கில் சாரத்தில் ஏறியவர்கள் அவர்கள்.

ஆயிரம் சதுர அடித் தளத்துக்கு 5 அங்குல கனம் என்றால் 416 கன அடி, அதாவது 12 கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எடை சுமார் 28 டன். அதை 20 கிலோச் சட்டியில் தூக்கினால் 1,400 சட்டி. ஒவ்வொரு சட்டியும் பத்துக் கை மாறினால் 14,000 தடவை தூக்கிக் கொடுக்க வேண்டும். தரையிலிருந்து தளத்துக்குக் கான்கிரீட்டைக் கொண்டுபோன குழாய் இந்த மனித வரிசைதான்.

இந்தக் ‘குழாயில்’ ஒரு வசதி இருந்தது. வேலை முடிந்தால் உள்ளே எதுவும் மிஞ்சாது. கடைசிச் சட்டி மேலே போனதும் எல்லாம் தீர்ந்தது. முப்பது சட்டிகளை ஒரு தொட்டித் தண்ணீரில் கழுவிவிடலாம். மிஷினுக்குள் நாலு சட்டி ஜல்லியும் தண்ணீரும் போட்டுப் பத்து நிமிடம் சுற்றினால் அதுவும் சுத்தம்.

பம்ப் பிறந்த கதை

கான்கிரீட்டைத் தண்ணீர் மாதிரி குழாயில் தள்ள முடியுமா என்று யோசித்தவர்கள் முதலில் பட்ட பாடு கொஞ்சமல்ல. தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகும். கான்கிரீட்டில் ஜல்லி இருக்கிறது, மணல் இருக்கிறது. அழுத்தினால் தண்ணீர் தனியே ஓடிவிடும், ஜல்லி நின்று அடைத்துக்கொள்ளும்.

1927இல் ஜெர்மனியைச் சேர்ந்த மேக்ஸ் கீஸ, ஃபிரிட்ஸ் ஹெல் என்ற இரண்டு பொறியாளர்கள் கான்கிரீட்டை 38 மீட்டர் உயரத்துக்கும் 120 மீட்டர் தூரத்துக்கும் குழாய் வழியாகத் தள்ளிக் காட்டினார்கள். 1932இல் ஹாலந்தில் கூய்மன் என்பவர் மேம்படுத்திய பம்புக்குக் காப்புரிமை வாங்கினார். முப்பதுகளில் அமெரிக்காவிலும் ‘பம்ப்கிரீட்’ என்ற பெயரில் பம்ப் வந்தது. ஐம்பதுகளில் ஜெர்மனியின் ஷ்விங் நிறுவனம் ஹைட்ராலிக் முறையில் இரண்டு சிலிண்டர் மாறி மாறித் தள்ளும் பம்பைக் கொண்டுவந்தது. ஒரு சிலிண்டர் இழுக்கும், மற்றது தள்ளும். இன்று நம் தெருவுக்கு வரும் பம்பும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

தள்ளுவதற்கு வழி கிடைத்ததும் அடுத்த கேள்வி உடனே வந்தது. வேலை முடியும்போது குழாய் நிறையக் கான்கிரீட் நிற்கிறதே, அதை என்ன செய்வது? மனித வரிசைக்கு இல்லாத தலைவலி இது. எண்ணெய்க் குழாய்க்காரர்களிடமிருந்து ஒரு யுக்தியைக் கடன் வாங்கினார்கள். குழாய்க்குள் நெருக்கமாகப் பொருந்தும் ரப்பர் அடைப்பு ஒன்றைப் போட்டுப் பின்னாலிருந்து தண்ணீரால் தள்ளினால், அது எதிரில் உள்ள கான்கிரீட்டைத் துடைத்துக்கொண்டு மறுமுனைக்குப் போகும். அதற்கு அமெரிக்கத் தொழிலாளிகள் வைத்த பெயர் ‘கோ-டெவில்’. போகிற பிசாசு என்று வைத்துக்கொள்ளலாம். குழாய்க்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடி, மறுமுனையில் திடீரென்று வெளியே பாயும் பொருளுக்குப் பிசாசு என்று பேர் வைத்தவன் அனுபவசாலிதான். இன்று அந்த இடத்தில் ஸ்பாஞ்ச் பந்து இருக்கிறது. நம் ஆட்கள் ‘பால்’ என்கிறார்கள்.

உலகச் சாதனைகள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். துபாயின் புர்ஜ் கலீஃபாவில் 2008இல் 606 மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட் ஏறியது. நம் இமாசலப் பிரதேசத்துப் பார்வதி நீர்மின் திட்டத்தில் 2009 ஆகஸ்ட் 7இல் 715 மீட்டர் என்று அதையும் தாண்டினார்கள். பெருமையான செய்திதான். ஆனால் புர்ஜ் கலீஃபாவில் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் நின்ற கான்கிரீட் மட்டும் ஏறக்குறைய 11 கன மீட்டர், 26 டன். நம் ஊர் மாடி வீட்டுத் தளத்துக்குச் சமமான சரக்கு. அதையும் தினமும் யாரோ கழுவித்தான் ஆக வேண்டியிருந்தது.

நம் தெருவுக்கு வந்தது

இந்தியாவில் ஆலையில் கலந்து லாரியில் வரும் கான்கிரீட் தொண்ணூறுகளில் பெரிய நகரங்களில் பரவியது. 1998இல் ஷ்விங் ஸ்டெட்டர் சென்னையில் கம்பெனி தொடங்கி இருங்காட்டுக்கோட்டையில் மிஷின் தயாரிக்க ஆரம்பித்தது. முதலில் மேம்பாலம், ஆலை, அடுக்குமாடி. பிறகு மாவட்டத் தலைநகரங்கள். தென்னாற்காடு 1993இல் விழுப்புரம் ஆகி, 2019இல் கள்ளக்குறிச்சி ஆனது. நாங்கள் ஊரை விட்டு நகராமலே மூன்று மாவட்டத்தில் வாழ்ந்துவிட்டோம். அந்த மாற்றத்துக்குள்தான் பம்பும் ஊருக்குள் வந்தது.

இன்னொரு பக்கம் கூரை வீடுகளும் மாறிக்கொண்டிருந்தன. இந்திரா நினைவுக் குடியிருப்பு, 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011இல் பசுமை வீடு, 2016இல் பிரதமர் வீடு என்று கான்கிரீட் தளம் ஏழை வீட்டுக்கும் வந்தது. சின்ன வீடுகளுக்கு இன்றும் சட்டியும் லிப்ட் மிஷினும்தான். பெரிய லாரி ஏற முடியாத மலை ஊர்களில் தலைச்சுமைதான். சாலையோரத்துப் பெரிய வீடுகளுக்குப் பம்ப்.

காரணம் எளிது. ஆள் கிடைப்பதில்லை, கூலி ஏறிவிட்டது, வேலை சீக்கிரம் முடிய வேண்டும். தலைச்சுமையிலிருந்து பெண்கள் தப்பித்தது நல்லதே. ஆனால் அந்த 14,000 தூக்கலுக்கான கூலியும் அவர்களிடமிருந்து போனது. பம்பைச் சுற்றி நிற்கும் நாலைந்து பேரில் பெண் இருக்க நான் பார்த்ததில்லை.

குழாய்க்குள் எவ்வளவு இருக்கிறது?

கணக்குப் பாடம் எடுத்த பழக்கம் போகாது. கொஞ்சம் கணக்குப் போடுவோம். வழக்கமான குழாயின் உள் விட்டம் 125 மில்லிமீட்டர், அதாவது 5 அங்குலம். நீளம் 3 மீட்டர். ஒரு குழாய் நிறைந்தால் உள்ளே சுமார் 37 லிட்டர் கான்கிரீட், எடை 88 கிலோ. குழாயின் இரும்பு எடை தனி.

தெருவிலிருந்து முதல் மாடிக்கு 30 மீட்டர் லைன் போட்டால் 10 குழாய். உள்ளே 370 லிட்டர், கிட்டத்தட்ட 900 கிலோ. அதில் சிமென்ட் மட்டும் இரண்டு மூட்டைக்கு மேல். இதைத் தவிர ஹாப்பரில் அடியில் தேங்கியது. இதைத் தவிர, தொடங்கும்போது குழாயை வழுக்க வைப்பதற்காக முதலில் விடும் சிமென்ட் கூழ். அந்தக் கூழைத் தளத்தில் விடக் கூடாது, ஜல்லி இல்லாததால் பலம் இருக்காது. ஆனால் பல வீடுகளில் அது தளத்துக்குள்தான் போகிறது, அல்லது பக்கத்து மனைக்குப் போகிறது.

முறையாகச் செய்கிற குழு என்ன செய்யும் தெரியுமா? தளம் முடிய அரை க்யூபிக் பாக்கி இருக்கும்போதே ஹாப்பரில் கொட்டுவதை நிறுத்திவிடும். குழாய்க்குள் இருப்பதே பாக்கி இடத்துக்குப் போதும் என்று கணக்குப் போட்டிருக்கும். பம்பைச் சில முறை பின்னோக்கி ஓட்டி அழுத்தத்தை இறக்கும். அதற்குப் பிறகுதான் கிளாம்பைத் திறக்கும். நனைத்த காகிதப் பையைச் சுருட்டி வைத்து, அதன் பின்னால் ஸ்பாஞ்ச் பந்தைப் போட்டு, தண்ணீரால் தள்ளும். நல்ல கான்கிரீட் தளத்துக்குப் போய்விடும். பந்துக்கு முன்னால் வரும் நீர்த்த கலவையை மட்டும் தனியே ஒதுக்கும்.

பூம் பம்ப் என்றால் இன்னும் எளிது. நுனியில் பந்தை வைத்துவிட்டுப் பம்பைப் பின்னோக்கி ஓட்டினால், உறிஞ்சிக்கொண்டு வந்து ஹாப்பரில் சேரும். ஆபத்தும் குறைவு, தண்ணீரும் குறைவு.

இவற்றுக்கு நேரமும் பொறுமையும் வேண்டும். அவை இல்லாத இடத்தில் இரண்டு குறுக்கு வழிகள். ஒன்று, குழாய்களைக் கழற்றி ஒவ்வொன்றையும் தூக்கி நிறுத்திச் சுத்தியலால் தட்டிக் கொட்டுவது. 88 கிலோ உள்ளே இருக்கிறது என்று மேலே சொன்னேன். இரண்டாவது, கம்ப்ரஸர் காற்று.

காற்று ஏன் ஆபத்து?

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் போகிறது.

தண்ணீரை அழுத்தினால் சுருங்காது. எனவே அடைப்பு திடீரென்று விலகினால், வால்வை மூடியதும் தண்ணீரின் அழுத்தம் உடனே விழுந்துவிடும். காற்று அப்படி இல்லை. அழுத்த அழுத்தச் சுருங்கி, சுருளான வில் மாதிரி சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அடைப்பு விலகியதும் அத்தனையும் ஒரே நொடியில் வெளியே வரும். அந்த நேரம் கம்ப்ரஸரை நிறுத்தினாலும் பயனில்லை. குழாய்க்குள் ஏற்கெனவே அடைபட்ட காற்று போதும்.

125 மில்லிமீட்டர் குழாயின் வாய்ப் பரப்பு சுமார் 123 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ அழுத்தம் என்று வையுங்கள். லாரி டயரில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் பந்தின் மேல் விழும் மொத்தத் தள்ளல் 736 கிலோ. முக்கால் டன். பந்து மெதுவாக வந்துகொண்டிருக்கும்போது எதிரில் கான்கிரீட் தடையாக நிற்கிறது. கான்கிரீட் தீரத் தீரத் தடை குறைகிறது, பந்தின் வேகம் கூடுகிறது. கடைசிச் சில மீட்டரில் அது பீரங்கிக் குண்டு. நுனியில் ரப்பர் ஹோஸ் மாட்டியிருந்தால் அது சாட்டை மாதிரிச் சுழன்று அடிக்கும். மாடி விளிம்பில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவனை நினைத்துப் பாருங்கள்.

அதனால்தான் இந்தத் தொழிலில் உலகம் முழுக்கச் சில விதிகள். காற்றால் சுத்தம் செய்வதற்கு முன் நுனி ஹோஸைக் கழற்றிவிட வேண்டும். நுனியில் பந்தைப் பிடிக்கும் இரும்புக் கூடை மாட்ட வேண்டும். குழாயின் வாய்க்கு எதிரில் யாரும் நிற்கக் கூடாது. அழுத்தம் இறங்கியது உறுதியாகாமல் கிளாம்பைத் தட்டக் கூடாது. கூடுமானவரை காற்றே வேண்டாம், தண்ணீரால் தள்ளு.

என்னிடம் படித்த பையன் ஒருவன் பம்ப் குழுவில் உதவியாளாக இருக்கிறான். “பால் எப்ப வரும்னு சத்தத்த வெச்சுத்தான் சார் கண்டுபிடிப்போம். உர்ருனு ஒரு சத்தம் வரும், அப்ப ஒதுங்கிக்கணும்” என்றான். கூடை மாட்டமாட்டீர்களா என்றேன். “பெரிய சைட்ல மாட்டுவாங்க சார். வீட்டு வேலைக்கு யாரு சார் எடுத்துட்டு வர்றா” என்றான். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. காதை நம்பி உயிரை வைத்திருக்கிறான். அந்த வீட்டுக்காரருக்கு இது தெரிந்தே இருக்காது.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

எட்டாம் வகுப்புக்குள் எல்லோரும் செய்த சோதனை நினைவிருக்கிறதா? தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழல் வைத்து ஊதினால் பால் போல வெளுக்கும். வாயில் படக் கூடாது என்று எச்சரிப்போம். சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது உண்டாகும் பொருள்களில் அதே சுண்ணாம்பும் ஒன்று. எனவே பம்பைக் கழுவிய தண்ணீர் ஒரு வகையில் கலங்கிய சுண்ணாம்பு நீர்தான்.

அதன் பி.எச். அளவு 12க்கு மேல் இருக்கும். நல்ல தண்ணீர் 7. ஆறு, ஏரி போன்ற நீர்நிலையில் விடும் கழிவு நீர் 5.5க்கும் 9க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. 9க்கும் 12க்கும் மூன்றுதானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். இந்த அளவில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. மூன்று படி என்றால் ஆயிரம் மடங்கு காரம். குட்டையில் விட்டால் மீன் சாகும். வாய்க்காலில் விட்டால் சிமென்ட் பால் அடியில் படிந்து தளம் போட்ட மாதிரி ஆகிவிடும். மழைநீர் உறிஞ்ச வேண்டிய மண் மூடிக்கொள்ளும். தெருச் சாக்கடையில் விட்டால் ஒரே வாரத்தில் அடைப்பு.

தோலுக்கும் அப்படித்தான். கொத்தனார்கள் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது சும்மா இல்லை. ஈரமான கான்கிரீட் பூட்ஸுக்குள் போய் மணிக்கணக்கில் இருந்தால் தோல் வெந்துவிடும். முதலில் வலியே தெரியாது, தெரியும்போது புண்ணாகியிருக்கும். சிமென்டில் உள்ள குரோமியத்தால் வரும் அரிப்பு தனி. அதற்காகவே 2005 முதல் ஐரோப்பாவில் சிமென்டில் கரையும் அந்த வகைக் குரோமியம் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் வைத்தார்கள். அமெரிக்காவில் கான்கிரீட் கழுவுவதற்கென்றே அடியில் கசியாத குழி அமைக்கச் சொல்கிறார்கள்.

சட்டம் எங்கே நின்றது?

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர்கள் போராடிப் பெற்ற நலவாரியம் 1994இல் வந்தது. நாடு முழுவதற்குமான கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 1996இல் வந்தது. 1998இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளில் கான்கிரீட் பம்புக்கென்றே சில வரிகள் உண்டு. குழாயை முனையிலும் ஒவ்வொரு வளைவிலும் உறுதியாகக் கட்ட வேண்டும், பம்பைச் சுற்றி வேலை செய்பவர்கள் கண்ணாடி அணிய வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தார்கள். நல்ல விதிகள்.

ஆனால் அதே 1996 சட்டத்தில், பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத செலவில் தனக்கென வீடு கட்டுகிறவரை முதலாளி என்ற கணக்கிலிருந்து விட்டுவிட்டார்கள். ஏழை வீடு கட்டும்போது அலைக்கழிக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். விளைவு என்ன? சட்டம் பெரிய சைட் வரை வந்து, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது. பையன் சொன்ன இரும்புக் கூடையும் அங்கேயே நின்றுவிட்டது. 2016இல் கட்டிடக் கழிவுகளுக்கென்று தனி விதிகள் வந்தன. அவற்றையும் இடிபாட்டுக் குப்பைக்கான விதி என்றே எல்லோரும் நினைக்கிறோம்.

தொகுத்துச் சொன்னால் வரலாறு இதுதான். சுண்ணாம்புக் காலத்தில் கழுவ அவசரமில்லை. சட்டிக் காலத்தில் கழுவக் கொஞ்சமே இருந்தது. சிமென்ட் அருமையாக இருந்த காலத்தில் கொட்ட மனம் வரவில்லை. இன்று அவசரம் கூடியது, அளவு கூடியது, சிமென்ட் மலிந்தது. எப்படித் தள்ளுவது என்று நூறு வருடமாக மூளையைச் செலவழித்திருக்கிறோம். கழுவும் வேலையை மட்டும் குழுவில் வயதில் சின்னவனிடமும், தெருவில் பக்கத்துக் காலி மனையிடமும் தள்ளிவிட்டோம்.

வீடு கட்டுகிறவர்களுக்கு

பம்ப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தலைச்சுமைக் காலம் திரும்பி வர வேண்டாம். தளம் போடுவதற்கு முந்தின நாளே இவற்றைச் செய்யுங்கள்.

1. உங்கள் மனைக்குள்ளேயே ஒரு மூலையில் இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், முழங்கால் ஆழத்தில் ஒரு பள்ளம் எடுங்கள். கிணறு, போர், மரம் பக்கத்தில் வேண்டாம். அடியில் ஓட்டை இல்லாத தார்ப்பாய் விரியுங்கள். முதலில் வரும் கூழும் கடைசியில் கழுவும் தண்ணீரும் அதில்தான் விழ வேண்டும் என்று பேசும்போதே சொல்லிவிடுங்கள். குழந்தைகள் விழாமல் சுற்றிக் கயிறு கட்டுங்கள்.

2. ஒரு நாள் விட்டால் சிமென்ட் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த நீரும் காரம்தான், கை வைக்காதீர்கள். அடுத்த கலவைக்கு அதைப் பயன்படுத்தலாமா என்று உங்கள் பொறியாளரிடம் கேளுங்கள். அடியில் இறுகியதை உடைத்தால் தரை நிரப்ப ஆகும்.

3. நாலைந்து பலகைச் சட்டம் அடித்துக் கம்பி வைத்துத் தயாராக வையுங்கள். இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு அங்குல கனத்தில் ஒரு மூடி வார்க்க 20 லிட்டருக்கும் குறைவான கான்கிரீட் போதும். மிஞ்சுகிற நல்ல கான்கிரீட்டில் தொட்டி மூடி, படிக்கல், துவைக்கிற கல் ஆகிவிடும்.

4. பம்ப் பேசும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எதை வைத்துத் தள்ளிக் கழுவுவீர்கள், தண்ணீரா காற்றா? காற்று என்றால் கூடை கொண்டுவருவீர்களா? கழுவும் ஆளுக்குக் கையுறை, பூட்ஸ், கண்ணாடி உண்டா? இதற்காக வாடகையில் கொஞ்சம் கூடக் கேட்டால் கொடுங்கள். கிரகப்பிரவேசத்துக்குச் செலவழிப்பதில் அது ஒரு பங்கு கூட ஆகாது.

5. கழுவும் நேரம் தெருப் பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள். அவசரப்படுத்தாதீர்கள். லாரிக்காரருக்கு அடுத்த வேலை இருக்கும், உங்களுக்கும் பந்தி பரிமாற ஆள் காத்திருக்கும். இருந்தாலும் கடைசி அரை மணி நேரத்தை அந்தப் பையன்களுக்கு விட்டுக்கொடுங்கள்.

6. கழுவி முடித்து அவர்கள் கைகால் சுத்தம் செய்ய நல்ல தண்ணீரும் சோப்பும் கொடுங்கள். முதல் பந்தியில் உட்கார வையுங்கள்.

பம்ப் வேலையில் இருக்கும் என் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எழுதியதில் விட்டுப்போனது இருந்தால் கீழே எழுதுங்கள். உங்கள் ஊரில் கழுவிய தண்ணீரை என்ன செய்கிறார்கள் என்றும் மற்றவர்கள் எழுதுங்கள். வீடு கட்டும் உறவினர் இருந்தால் தளம் போடும் தேதிக்கு முன்னால் இதை அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர், களமருதூர்